வீட்டுப் பிரச்சினையில் இருக்கும் தொழிலாளிக்கு மேனேஜர் என்ன செய்ய முடியும்?

கேள்வி: மதுரை கப்பலூர் பக்கம் 70 பேர் வேலை பார்க்கும் ஒரு யூனிட்டில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். 8 வருடமாக நல்ல பெயர் எடுத்த ஆபரேட்டர் ஒருவர் 2 மாதமாகத் தாமதமாக வருகிறார், சொல்லாமல் லீவ் போடுகிறார், ரிஜெக்‌ஷனும் கூடிவிட்டது. வீட்டில் ஏதோ பிரச்சினை என்று லைனில் பேசிக்கொள்கிறார்கள். என்னைவிட வயதில் மூத்தவர். எப்படிக் கேட்பது? எவ்வளவு தூரம் உதவுவது?

பதில்:

அவருடைய வீட்டுப் பிரச்சினையைத் தீர்ப்பது உங்கள் வேலை கிடையாது. உங்கள் கையில் இருப்பவை நான்கு: ஷிஃப்ட் நேரம், வேலையின் அளவு, அட்வான்ஸ், கேட்டதை வெளியே விடாத வாய். இவற்றை ஒழுங்காகக் கொடுத்தாலே பெரும்பாலானவர்கள் மீதியைத் தாங்களே சமாளித்துக்கொள்வார்கள். நடைமுறையில் மேனேஜர்கள் இந்த நான்கையும் விட்டுவிட்டு அறிவுரையைத்தான் அள்ளிக் கொடுக்கிறார்கள். அதை அவர் கேட்கவே இல்லை.

பேசப் போகும் முன் டைம் ஆபீஸில் 3 மாத வருகைப் பதிவை எடுத்துப் பாருங்கள். லீவ் எந்தக் கிழமையில் விழுகிறது, பெர்மிஷன் எத்தனை மணிக்கு, ரிஜெக்‌ஷன் எந்த ஷிஃப்டில் என்று தேதிவாரியாக ஒரு தாளில் எழுதினால் ஒரு போக்கு தெரியும். வாரம் தவறாமல் ஒரே கிழமையில் தாமதம் என்றால் அன்றைக்கு வாரக் கடன் வசூலாக இருக்கலாம். சம்பளம் போட்ட அன்று ஷிஃப்ட் முடிந்தும் கேட்டைத் தாண்டத் தயங்குகிறார் என்றால் வெளியே வட்டிக்காரர் நிற்கக்கூடும். காலை நேரத்துப் பெர்மிஷனே திரும்பத் திரும்ப வந்தால் ஆஸ்பத்திரி அலைச்சல். திங்கள்கிழமை லீவும் காலையில் கை நடுக்கமும் சேர்ந்து வந்தால் குடி. எல்லாம் ஊகம்தான். அவரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். என்ன உதவி தேவைப்படலாம் என்று நீங்கள் தயாராவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பேசும் இடம் முக்கியம். கண்ணாடி கேபினில் உட்காரவைத்தால் மொத்த ஃப்ளோரும் பார்க்கும். கேன்டீனும் கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையும் அதைவிட மோசம். லைன் லீடரை விட்டுக் கூப்பிட்டு அனுப்பவும் கூடாது. உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம் என்று கம்பெனி வேனில் ஒன்றாகப் போய்வருகிறவர்கள், பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சொந்தமோ பக்கத்து ஊரோதான். நீங்கள் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்ட சேதி அவர் வீட்டுக்குப் போவதற்குள் அவருடைய மாமனார் வீட்டுக்குப் போய்விடும். ஷிஃப்ட் முடிந்து கூட்டம் கலைந்த பின் மீட்டிங் ரூமில் 20 நிமிடம் போதும். போன் சைலன்ட்டில் இருக்கட்டும். வேன் போய்விடுமே என்ற பதற்றத்தில் இருப்பவர் எதையும் பேச மாட்டார் என்பதால், வீட்டுக்குப் போக வண்டி ஏற்பாட்டை முதலிலேயே செய்துவிடுங்கள்.

வீட்டைப் பற்றிக் கேட்டு ஆரம்பிக்காதீர்கள். வேலையில் பார்த்ததைத் தேதியோடு சொல்லி, வேலையில் என்ன மாற்றினால் நல்லது என்று கேளுங்கள். "அண்ணே, இந்த மாசம் மூணு தடவ ஒரு மணி நேரம் லேட்டு. போன வாரம் ரிஜெக்சனும் கூட. நீங்க இப்படிப் பாக்குற ஆளு இல்லையே. ஷிஃப்ட்டுல, வேலைல நான் எதும் மாத்திக் குடுத்தா சவுரியமா இருக்குமா? சொல்லணும்னு தோணுறத மட்டும் சொல்லுங்கண்ணே, போதும்." அதோடு நிறுத்திவிடுங்கள். அரை நிமிட மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும். அதை நீங்கள் பேசி நிரப்பினால் அவர் வாயைத் திறக்க மாட்டார். வேலையை வைத்துக் கேட்பதில் ஒரு நன்மை உண்டு. "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, காலைல போக வேண்டியிருக்கு" என்று பாதி விஷயத்தோடு அவர் நிறுத்திக்கொள்ளலாம். அந்தப் பாதியே உங்களுக்குப் போதும்.

"எல்லார் வீட்டுலயும் இருக்குறதுதான்" என்று சொல்லாதீர்கள். "நான் வேணா உங்க வீட்டுல பேசவா?" என்று கேட்பது அதைவிட ஆபத்து. பஞ்சாயத்துக்குப் போகும் மேனேஜர் ஒரு தரப்பு ஆளாகித்தான் திரும்புவார். "யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்று முழு வாக்கும் கொடுக்காதீர்கள். "உயிருக்கு ஆபத்துன்னு தோணுனா மட்டும் இன்னொருத்தர்ட்ட சொல்லுவேன், அதையும் உங்கட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்பதே நீங்கள் காப்பாற்றக்கூடிய வாக்கு.

முதல் தடவை பலர் "ஒண்ணுமில்ல சார்" என்பார்கள். வற்புறுத்தாமல் ஒரு தேதியைச் சொல்லி முடியுங்கள்: "சரிண்ணே, ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப உக்காருவோம். நடுவுல எதும் வேணும்னா நேரா எனக்கே போன் போடுங்க." லீவ் கேட்பதை வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்லும் வழக்கம் உங்கள் யூனிட்டில் இருந்தால் அதை இன்றைக்கே நிறுத்துங்கள். 40 பேர் பார்க்கும் இடத்தில் சூப்பர்வைசர் "என்ன விசயம்?" என்று கேட்டால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், அடுத்த முறை சொல்லாமலே லீவ் போடுவார்கள்.

இனி, கொடுக்கக்கூடிய முதல் விஷயம்: நேரம். அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிப் பிரிவு காலையில்தான். ராஜாஜி மருத்துவமனைக்குத் தாயைக் கூட்டிப் போகிறவரை 6–2 ஷிஃப்டில் வைத்துக்கொண்டு தினமும் பெர்மிஷன் கொடுப்பதைவிட, 4 வாரத்துக்கு 2–10 ஷிஃப்டுக்கு மாற்றுவது இருவருக்கும் நல்லது. உள்நோயாளியாகச் சேர்த்திருந்தால் கூட ஒருவர் இருந்தாக வேண்டும். இரவில் துணைக்கு இருப்பவரைக் காலை ஷிஃப்டில் மெஷினில் நிறுத்தாதீர்கள், கை போய்விடும். மனநலத்துக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை எடுப்பவரை இரவு ஷிஃப்டிலிருந்து விலக்குங்கள். அந்த மருந்துகளில் பல இரவில் சாப்பிடுபவை, தூக்கத்தை வரவழைப்பவை. இரவு முழுக்க விழித்திருப்பவர் அவற்றைச் சாப்பிடாமல் விட்டுவிடுவார், அல்லது சாப்பிட்டுவிட்டு மெஷின் முன்னால் நிற்பார்.

மாற்றம் எதுவானாலும் அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: என்ன மாறுகிறது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, மறுபடி எப்போது பேசுவது. காரணம் என்ற இடத்தில் "சொந்தக் காரணம்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். "பாத்துக்கலாம்ணே" என்று வாய்ப்பேச்சில் விட்ட சலுகைகள்தான் பின்னால் சண்டையாகும். அவர் நிரந்தரம் என்று நினைத்திருப்பார், நீங்கள் 2 வாரம் என்று நினைத்திருப்பீர்கள்.

லீவ் விஷயத்தில் அதிகம் குழப்பம் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில். மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்களுக்கு இது உண்டு. அவருக்கே உடம்பு சரியில்லை என்றால், இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றிதழ் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். முதல் 2 நாளுக்குப் பொதுவாகப் பணம் வராது. மன அழுத்த நோயும் நோய்தான். மருத்துவர் சான்றிதழ் கொடுத்தால் இதே பலன். தீவிர மனநோய், நீண்ட கால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. போதிய சேவைக் காலம் இருந்தால் 80 சதவீதமும், கூடுதல் காலமும் உண்டு. ஆனால் தாய்க்கோ குழந்தைக்கோ உடம்பு சரியில்லை என்று இவர் லீவ் எடுத்தால் இந்தப் பணம் வராது. அவர்களுக்குச் சிகிச்சை மட்டும்தான், அதுவும் அவர்கள் பெயர் கார்டில் சேர்ந்திருந்தால். தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனை வரை போய், பெற்றோர் பெயர் சேர்க்கவில்லை என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. எச்.ஆர். ஆளை விட்டு இதை முன்கூட்டியே சரிபார்க்கச் சொல்வது, ஒரு மணி நேர ஆறுதல் பேச்சைவிட மேல்.

இன்னொரு பொறி, சம்பளமில்லா லீவ். ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று ஆறு ஆறு மாதமாக இ.எஸ்.ஐ. பங்களிப்பைக் கணக்கிடுகிறார்கள். அந்த 6 மாதத்தில் 78 நாளுக்காவது பங்களிப்பு இருந்தால்தான் பின்னால் வரும் பலன் காலத்தில் நோய்க்காலப் பணம் கேட்க முடியும். குடும்ப வேலைக்காக நீண்ட நாள் சம்பளமில்லா லீவில் போனவர், தனக்கே உடம்பு முடியாமல் போகும்போது கைவிடப்படுவது இப்படித்தான். எனவே தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு இரண்டையும் முதலில் கணக்குப் பார்த்துவிட்டு, சம்பளமில்லா லீவைக் கடைசியில் வையுங்கள்.

சாவு வீட்டுக்கு 3 நாள் என்று கம்பெனி விதி இருக்கலாம். நம் பக்கத்தில் 16ஆம் நாள் கருமாதிக்கும் அதற்கு முதல் நாளுக்கும் அவர் அங்கே இருந்தாக வேண்டும். கேதத்துக்குப் போகும்போதே அந்த 2 நாளையும் சேர்த்துக் குறித்துக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் வந்து தலையைச் சொறிய வைக்காதீர்கள். அடுத்து வரும் 3 மாதத்தில் இறப்புச் சான்றிதழ், தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ், வங்கி என்று சில அரை நாள் அலைச்சல் இருக்கும். அதற்கும் இடம் வையுங்கள்.

அடுத்தது பணம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மொத்தக் கடனையும் ஒரே தாளில் அவரையே எழுதச் சொல்லுங்கள்: யாரிடம், அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, வாரமா மாதமா, என்ன அடமானம். தாளை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். பல பேர் மொத்தத் தொகையை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கூட்டிப் பார்ப்பார்கள். 10 வட்டிக்கு ரூ.50,000 வாங்கியிருந்தால் மாதம் ரூ.5,000 வட்டிக்கே போகும், அசல் அப்படியே நிற்கும். இந்த நிலையில் ரூ.10,000 அட்வான்ஸ் கொடுத்தால் அது 2 மாத வட்டிக்காரன் பணம், அவ்வளவுதான். அசலை ஒரேயடியாக முடிக்கிற அளவுக்கு ஏற்பாடு இருந்தால் மட்டும் அட்வான்ஸுக்கு அர்த்தம் உண்டு. வீட்டில் நகை இருந்தால் கூட்டுறவு வங்கி நகைக்கடன், பி.எஃப். முன்பணம், கம்பெனி அட்வான்ஸ் மூன்றையும் சேர்த்து, வட்டி அதிகமான கடனை முதலில் மூடலாம். பி.எஃப். கணக்கில் ஆதார், வங்கி எண் இணையாமல் இருந்தால் பணம் வாரக்கணக்கில் நிற்கும். அதைச் சரிசெய்வது உங்கள் ஆபீஸால் முடிகிற வேலை.

பிடித்தம் எவ்வளவு? கைக்கு ரூ.16,000 வருகிறவருக்கு ரூ.24,000 அட்வான்ஸ் கொடுத்தால் மாதம் ரூ.2,400 வீதம் 10 தவணை, அதாவது 15 சதவீதம். அதற்கு மேல் பிடித்தால் மாதக் கடைசியில் மறுபடி வட்டிக்குத்தான் போவார். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அதுவரை போகலாம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சொந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள், ஜாமீன் கையெழுத்தும் போடாதீர்கள். நாளைக்கு நீங்கள் ஒரு மெமோ கொடுத்தாலும் அது கடன் வசூலாகவே தெரியும்.

ஏ.டி.எம். கார்டை வட்டிக்காரரிடம் கொடுத்துவிட்டேன் என்று சொன்னால், வங்கிக்குப் போய்ப் பழைய கார்டை முடக்கிப் புதிது வாங்க அவருக்கு அரை நாள் கொடுங்கள். சம்பள நாளுக்கு முன்னால் இது நடக்க வேண்டும். கேட்டுக்கு வெளியே வசூலுக்கு நிற்பவர்களிடம் செக்யூரிட்டி எந்த விவரமும் சொல்லக் கூடாது. மிரட்டல் இருந்தால் தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிரான 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்திலோ, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலோ மனுக் கொடுக்கலாம். கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. அந்த ஊரில் வாழப் போகிறவர் அவர்.

குடி விஷயத்தில் நல்லெண்ணத்தோடு செய்கிற ஒரு தப்பு உயிரையே எடுக்கும். தினமும் அதிகமாகக் குடித்தவரிடம் "நாளைலருந்து தொடக் கூடாது, சத்தியம் பண்ணு" என்று வாங்குவதுதான் அது. திடீரென்று நிறுத்தினால் முதல் 2, 3 நாளில் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம். அந்த நாளில் அவர் உங்கள் மெஷினில் நின்றுகொண்டிருப்பார். நிறுத்துவது மருத்துவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும். ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பலாம். திரும்பி வரும்போது மெஷின் வேலைக்குத் தகுதி என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே பழைய இடம். அதுவரை பேக்கிங்கோ ஸ்டோரோ. போதையில் வந்தால் அன்றைக்கு எதுவும் பேசாதீர்கள். சொந்த பைக்கில் அனுப்பாமல் ஆளைப் போட்டு வீட்டில் விட்டுவிட்டு, மறுநாள் தெளிந்த பின் பேசுங்கள்.

பெண் தொழிலாளி என்றால், அவர் நம்புகிற ஒரு பெண் உடன் இருக்கலாமா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். வீட்டில் அடி உதை என்று தெரிந்தால் கணவரைக் கூப்பிட்டுப் பேசக் கூடவே கூடாது. அன்றிரவு அடி இரட்டிப்பாகும். சம்பளத்தை அவர் பெயரில் உள்ள வேறு கணக்குக்கு மாற்றிக் கேட்டால் அதே நாளில் செய்யுங்கள். 181 பெண்கள் உதவி எண் 24 மணி நேரமும் இயங்கும். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, மாவட்டச் சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலரிடமே நேரடியாகப் புகார் கொடுக்கலாம். முதலில் போலீசுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை.

சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு வேலைக்கு வரும் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். "நான் அவளோட சித்தப்பா, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று கேட்டில் ஒருவர் நிற்பார். ஷிஃப்ட் நேரம், வேன் போகும் வழி, ஹாஸ்டல் இருக்கும் இடம் எதையும் சொல்லக் கூடாது. "அப்படி ஒருத்தர் இங்க இருக்காங்களான்னு சொல்ல எங்களுக்கு அனுமதி இல்ல" என்ற ஒரே பதிலை செக்யூரிட்டிக்குப் பழக்கிவிடுங்கள். இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு மாவட்டந்தோறும் தனிப்பிரிவு அமைக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் உத்தரவிட்டிருக்கிறது. மிரட்டல் தெரிந்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கோ, மாநகர எல்லைக்குள் என்றால் ஆணையர் அலுவலகத்துக்கோ எழுத்தில் போகட்டும்.

"நான் இருந்து என்ன பண்ணப் போறேன்" என்ற மாதிரிப் பேச்சு காதில் விழுந்தால் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "சாகணும்னு நெனப்பு வருதாண்ணே?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்க ஒரு ஆள் கிடைத்தது என்ற நிம்மதிதான் வரும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். அவர் சொல்லும் ஒரு குடும்ப ஆளை வரவழையுங்கள். 14416க்கு அவரோடு உட்கார்ந்தே போன் போடுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும், தமிழில் பேசலாம். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்தச் சொல்லி அந்தக் குடும்ப ஆளிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே எதையாவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள், குடித்த பாட்டிலையும் கையோடு கொடுத்தனுப்புங்கள்.

லைனில் முணுமுணுப்பு வரத்தான் செய்யும். "4 வாரத்துக்கு ஷிஃப்ட் மாத்திருக்கேன், இது என் முடிவு" என்பதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவருடைய வேலையைச் சேர்த்துப் பார்ப்பவருக்கு ஓவர்டைம் இரட்டிப்புக் கூலியைச் சரியாகக் கொடுத்தால் முணுமுணுப்பில் முக்கால்வாசி அடங்கிவிடும். உங்கள் ஊர்க்காரருக்கு மட்டும் இந்தச் சலுகை என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால், அடுத்தவர் உங்களிடம் வாயே திறக்க மாட்டார்.

இரண்டு வாரத்தில் ஒரு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை பேசுங்கள். 3 மாதம் ஆகியும் வேலை சரியாகவில்லை என்றால் நடவடிக்கைக்குப் போகத்தான் வேண்டும். அந்த மெமோவில் தேதிகளும் ரிஜெக்‌ஷன் கணக்கும் மட்டும் இருக்கட்டும். உங்களை நம்பி அவர் சொன்ன ஒரு வரியும் அதில் வரக் கூடாது.

இதற்கு நடுவில் அவராகவே ராஜினாமா எழுதிக்கொண்டு வந்து நிற்கலாம். கடன் கழுத்தை நெரிக்கும்போது, பி.எஃப்., கிராஜுவிட்டி (பணிக்கொடை) பணம் கைக்கு வரும் என்பதற்காகவே வேலையை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கியதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து ரூ.13,000 என்றால், 8 வருடத்துக்கு அவருடைய கிராஜுவிட்டி 13,000 × 15 ÷ 26 × 8, அதாவது ரூ.60,000. அவர் கைக்கு வாங்கும் நாலு மாதச் சம்பளம்கூட ஆகாது. இந்தக் கணக்கை அவர் முன்னால் எழுதிக் காட்டி, வேலையில் இருந்துகொண்டே பி.எஃப். முன்பணம் எவ்வளவு எடுக்க முடியும் என்பதையும் பார்த்துச் சொல்லி, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். அப்போதும் போகத்தான் வேண்டும் என்றால் தடுக்காதீர்கள். கிராஜுவிட்டியை 30 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள்.